"ரோட்டில் நிற்கிறவங்களைப் படம் எடுத்தா கேஸ் வராதா?": ஓர் அம்மாவின் கேள்விக்கு

அம்மா, நிருபராக ஆசைப்படும் உங்கள் மகளுக்கு விஸ்காமா (காட்சித் தொடர்பியல்) பி.காமா என்பதை அப்புறம் பார்ப்போம். போனில் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டது வேறு: "ஊரான் வீட்டு ஆளை நடுரோட்டில் படம் எடுக்கிறதுதான் வேலைன்னா, எம்பொண்ணு மேல கேஸ் வராதா சார்?"

பொது இடத்தில் நிற்கும் ஒருவரைப் படம் எடுக்கவே கூடாது என்று நம் நாட்டில் பொதுவான தடை இல்லை. அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு தரும் கருத்துரிமைதான் நிருபருக்கும் ஆதாரம். அது உங்களுக்கும் எனக்கும் இருக்கிற அதே உரிமை. கழுத்தில் அட்டை தொங்குவதால் ஒரு பிடி கூடிவிடாது. முதலாண்டுப் பிள்ளைகள் இதை நம்பவே மாட்டார்கள்; 'பிரஸ்' ஸ்டிக்கர் ஒட்டிய வண்டிக்கு எல்லாக் கதவும் திறக்கும் என்று நினைப்பு.

எது வரை எடுக்கலாம், வெளியிடலாம் என்பதற்கு நம்மூர் வழக்கு ஒன்று முக்கிய அடிப்படை. கொலை வழக்குகளில் தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய தன் வாழ்க்கை வரலாற்றை நக்கீரன் பத்திரிகை வெளியிட முனைந்தபோது அதிகாரிகள் மறித்தார்கள். 1994-ல் உச்ச நீதிமன்றம், பதவியில் இருப்பவர் தன் அலுவல் வேலை பற்றிய செய்தியை அந்தரங்கம் என்று சொல்லித் தடுக்க முடியாது என்றது. அதே தீர்ப்பு, சாதாரண மனிதருக்கு 'என்னை என் பாட்டில் விடுங்கள்' என்று கேட்கும் உரிமை உண்டு என்றும் சொன்னது. 2017-ல் புட்டசாமி வழக்கில் 9 நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை ஆக்கினார்கள். தெருவுக்கு வந்துவிட்டதாலேயே ஒருவருடைய அந்தரங்கம் போய்விடாது என்பதும் அதில் வருகிறது.

கேஸ் நிச்சயமாக வரும் இடங்கள் சில உண்டு. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் 2 ஆண்டு வரை சிறை. பாதிக்கப்பட்டது குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு. முகத்தை மட்டும் பிளர் செய்துவிட்டு, பள்ளிக்கூடப் பெயர்ப்பலகையும் தெருவும் தெரிய விட்டாலும் அது குற்றம்தான். அதில் முதலாளிக்கும் பொறுப்பு உண்டு. "டெஸ்க் (செய்தி ஆசிரியர் குழு) கேட்டது, கொடுத்தேன்" என்று உங்கள் மகள் தப்பவும் முடியாது, "நிருபர் கொடுத்தார், போட்டோம்" என்று சேனல் தப்பவும் முடியாது.

எனக்குப் பயம் சட்டம் வாய் திறக்காத இடத்தில்தான். ஒரு பிளஸ் டூ ரிசல்ட் அன்று பள்ளி வாசலில் நின்றிருந்தேன். போனில் வந்த எஸ்எம்எஸ்ஸைப் பார்த்த ஒரு பெண் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். ஒரு சேனல் நிருபரின் மைக் அவள் முழங்கால் வரை போயிற்று. "எவ்வளவு எதிர்பார்த்தீங்கம்மா?" சாயங்காலச் செய்தியில் சில நொடிதான் வந்தது, ஆனால் வாட்ஸப்பில் ஊர் முழுக்கச் சுற்றியது. துணைத் தேர்வில் பாஸ் செய்த பிறகும் உள்ளூர்க் கல்லூரியில் சேர மாட்டேன் என்று என் மேசை முன் உட்கார்ந்து அழுதாள். சிறார் நீதிச் சட்டம் காப்பது வழக்கில் சிக்கிய, பாதிக்கப்பட்ட, பராமரிப்பு தேவைப்படும் பிள்ளைகளை. பரீட்சையில் தவறிய பிள்ளை அந்தப் பட்டியலில் இல்லை. (முதல் மூன்று இடம் அறிவிப்பதை அரசு 2017-ல் நிறுத்தியது புண்ணியம். அதற்கு முன் ஜெயித்த பிள்ளைகள் வீட்டில் லட்டு ஊட்டச் சொல்லி நாலு டேக் எடுப்பார்கள்.)

அன்று மைக் பிடித்த பையனை நான் குறை சொல்லவில்லை. 'அழுகிற பைட் (கேமரா முன் பேசும் துணுக்கு) வேணும்' என்று அலுவலகம் கேட்டிருக்கும். அதற்கு "கிடைக்கலை சார்" என்று சொல்லத் துணிச்சல் வேண்டும், மாதச் சம்பளமும் வேண்டும். சின்ன ஊர்களில் பலர் செய்திக்கு இவ்வளவு என்று வாங்கும் ஸ்டிரிங்கர்கள். மறுத்தால் அடுத்த செய்தி வேறொருவருக்குப் போய்விடும். ஆகவே மகள் எந்த நிறுவனத்தில் சேர்ந்தாலும் நியமனக் கடிதம் கையில் வாங்காமல் கேமராவைத் தொட வேண்டாம்.

படிப்பில் அவசரம் இல்லை. எந்தப் பட்டம் முடித்தாலும் இதழியலுக்குப் போகலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதுகலை இருக்கிறது. ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தில் பட்டத்துக்குப் பின் டிப்ளமா இருக்கிறது, கட்டணம் கை கடிக்கும். விஸ்காம்தான் என்றால், ஸ்டுடியோ ஏசியைப் பார்த்து மயங்காமல் பாடத்திட்டத்தில் ஊடகச் சட்டம் தனித் தாளாக இருக்கிறதா என்று கேளுங்கள்.

அடுத்த வாரம் மகளையும் கூட்டி வாருங்கள். அதற்குள் உழவர் சந்தையில் செல்போனிலேயே இரண்டு நிமிடப் படம் ஒன்று எடுத்துக்கொண்டு வரட்டும். படத்தைப் பார்ப்பதற்கு முன்னால், யாரிடம் கேட்டு எடுத்தாள், வேண்டாம் என்று கையாட்டியவர் யார், அப்போது இவள் என்ன செய்தாள் என்று கேட்பேன்.