அழித்த எண்கள்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நான் திசையன்விளைக்காரன். எட்டு அங்குலத் தொலைநோக்கி ஒன்று வைத்திருக்கிறேன். 2023 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் தேரிக்காட்டு ஓரத்தில் நின்று ஒன்பது அதிகாலைகள் என்கே வால்வெள்ளியைப் பார்த்து அதன் ஒளியை மதிப்பிட்டேன். என் எண்கள் கணினியின் முன்கணிப்பைவிட ஏறக்குறைய ஒரு மேக்னிட்யூட் மங்கலாக வந்தன. என் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்து, மூன்று நாள் எண்களை மட்டும் முன்கணிப்புக்கு நெருக்கமாகத் திருத்தினேன். மேகம் மறைத்த நாட்களை எழுதவில்லை. வால்வெள்ளி மதிப்பீடுகளைத் தொகுக்கிறவர்களுக்கு இந்தப் பட்டியலை அனுப்பலாமா? கேமரா வாங்கினால் துல்லியம் கூடுமா? தூமகேதுவைத் தேடிப் போகிறவன் வீடு விளங்காது என்று ஆச்சி வேறு ஏசிக்கொண்டே இருக்கிறாள்.

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது, பெரியப்பாவின் பழைய நோட்டுகளைப் பரணிலிருந்து இறக்கிக் கரையான் தட்டிக்கொண்டிருந்தேன். வேறு வாரமாக இருந்தால் இரண்டு வரியில் பதில் எழுதியிருப்பேன்.

ஆச்சியோடு வாதாடாதீர்கள். விடியுமுன் தேரிக்காட்டில் பேரன் தனியாக நிற்கிறான் என்பதுதான் அவர்கள் பயம். ஒரு துணையைக் கூட்டிக்கொண்டு போங்கள். கேமரா இப்போதைக்கு வேண்டாம்.

எண்கள் மங்கலாக வந்ததற்கு உங்கள் கண் காரணம் என்று நான் நினைக்கவில்லை. என்கே பஞ்சைப் பிய்த்துப் போட்டதுபோலப் பரந்து கிடக்கும் வால்வெள்ளி. பெரிய தொலைநோக்கியில் உருப்பெருக்கம் கூடும்போது அதன் வெளிப்புற ஒளி வானத்தின் வெளிச்சத்தோடு கரைந்துவிடுகிறது. நடுப்பகுதியை மட்டுமே கண் அளக்கிறது. அதே வால்வெள்ளி சிறிய பைனாகுலரில் கூடுதல் ஒளியோடு தெரிவது வழக்கம். அதனால்தான் ஒவ்வொரு மதிப்பீட்டோடும் கருவியின் விட்டம், உருப்பெருக்கம், தலைப்பகுதியின் அகலம், ஒப்பிட்ட விண்மீன்கள் ஆகியவற்றையும் எழுதச் சொல்கிறார்கள். மேலும், முன்கணிப்பு என்பது என்ன? பூமியிலிருந்து இருமடங்கு தொலைவுக்குப் போனால் ஒளி நான்கில் ஒன்றாகும், சூரியனிலிருந்து இருமடங்கு தொலைவுக்குப் போனால் பதினாறில் ஒன்றாகும் என்று வைத்துக்கொண்டு போடும் பொதுக் கணக்கு. என்கே அந்தக் கணக்குக்கு அடங்கியதில்லை. சூரியனை நெருங்கும்போது ஒரு விதமாகவும் விலகும்போது வேறு விதமாகவும் ஒளிர்வது அது.

இனி நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். ஏன் திருத்தினீர்கள்? ஒன்பது நாள் கொசுக்கடியில் நின்று பார்த்தவர் நீங்கள். முன்கணிப்பைப் போட்ட கணினி ஒரு நாளும் அந்த வால்வெள்ளியைப் பார்த்ததில்லை. ஒரு மேக்னிட்யூட் என்பது இரண்டரை மடங்கு ஒளி; எண் கூடினால் ஒளி குறைவு என்பது அந்தக் கணக்கு. களத்தில் ஒரு மரக்கால் நெல்லை இரண்டரை மரக்கால் என்று எழுதினால் உங்கள் ஊரில் சும்மா விடுவார்களா? ஒன்பதில் மூன்றை மட்டும் திருத்தியது அதைவிட மோசம். மீதி ஆறையும் யாரும் நம்ப முடியாதபடி செய்துவிட்டீர்கள்.

இவ்வளவு கடுமையாகச் சொல்வதற்குக் காரணம், இதே காரியத்தை நானும் செய்திருக்கிறேன்.

என் பெரியப்பா தாமிரபரணியின் ஓர் அணைக்கட்டில் நீர்மட்டம் எழுதும் வேலை பார்த்தவர். சிறுவனாக அவரோடு போயிருக்கிறேன். விடியற்காலையில் அரிக்கேன் விளக்கைக் கல்லின்மேல் வைத்துவிட்டு, மதகுச் சுவரில் கோடு போட்ட அளவுகோலுக்கு முன்னால் குத்துக்கால் வைத்து உட்காருவார். தண்ணீர் ஒரு கோட்டில் நிற்காது, ஏறும், இறங்கும். மூன்று அலை போகும்வரை பார்த்திருந்து, மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் நடுவில் ஓர் எண்ணை எடுத்து, அந்த இடத்திலேயே எழுதுவார். வீட்டுக்கு வந்து எழுதுவது கிடையாது. வெள்ளம் அளவுகோலை மூழ்கடித்த நாளில் "மூழ்கியது, பார்க்க இயலவில்லை" என்று நேரத்தோடு எழுதியிருக்கிறார்.

1986 ஏப்ரலில் ஹேலி வால்வெள்ளி பூமிக்கு அருகே வந்தபோது, கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டுத் தட்டட்டியில் நார்க்கட்டிலைப் போட்டு, இரவல் பைனாகுலரோடு நள்ளிரவுக்குப் பிறகு காத்திருந்தேன். தெற்கே மலைக்கு மேலே அது கலங்கிய வெண்மையாக நின்றது. வால்வெள்ளியின் தலை எவ்வளவு அகலம் தெரிகிறதோ அவ்வளவு அகலத்துக்கு விண்மீன்களைக் குவியம் தவறச் செய்து, அதைவிடச் சற்று ஒளி கூடிய ஒன்றுக்கும் குறைந்த ஒன்றுக்கும் நடுவில் அதன் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இதை நான் ஒரு பத்திரிகையில் படித்துக் கற்றிருந்தேன். அன்று எனக்கு வந்த எண் மூன்றரை. பத்திரிகையிலோ இரண்டு என்று போட்டிருந்தது. நான் ரப்பரால் அழித்துவிட்டு இரண்டு என்று எழுதினேன்.

மறுநாள் பெரியப்பா நோட்டை வாங்கிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் அதை விளக்கருகே கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தார். அழித்த இடத்தில் பென்சில் அழுந்திய தடம் நிழலாகத் தெரிந்தது. "இதுல எது நீ பாத்தது, எது நீ படிச்சதுலே?" என்று கேட்டார். அதற்குப் பிறகு பல நாட்கள் அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. பத்திரிகையின் எண் சரியா, என் எண் சரியா என்று அவர் கேட்கவேயில்லை.

நீங்கள் பார்த்த வால்வெள்ளியின் கதையே இதைத்தான் பேசுகிறது. 1786, 1795, 1805, 1818 ஆகிய ஆண்டுகளில் கண்டவை நான்கு வால்வெள்ளிகள் அல்ல, ஒன்றே என்று 1819இல் கணித்துக் காட்டியவர் ஜெர்மன் வானியலாளர் யோகான் என்கே. அவற்றில் 1805இலும் 1818இலும் அதைக் கண்டவர், மார்செய் வானாய்வகத்தில் வாயிற்காவலராக வேலைக்குச் சேர்ந்து வானம் பார்க்கக் கற்றுக்கொண்ட பான்ஸ். 1822இல் அது மீண்டும் வரும் என்று என்கே சொன்னார். ஆஸ்திரேலியாவின் பாரமட்டாவில் அதைக் கண்டார்கள். ஆனால் மூன்று ஆண்டு மூன்றரை மாதச் சுற்று ஒவ்வொன்றிலும் அது ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் முந்தி வந்துகொண்டிருந்தது. ஈர்ப்பு விதிப்படி இதற்கு விளக்கமே இல்லை. என்கே அந்த இரண்டரை மணி நேரத்தை மறைக்கவில்லை. விண்வெளியில் பரவிக் கிடக்கும் ஏதோ ஒரு மெல்லிய பொருள் அதைத் தடுத்துப் பாதையைச் சுருக்குகிறது என்று அவர் சொன்ன விளக்கம் தவறாகப் போனது. எழுதிவைத்த எண் நின்றது. 1950இல் அமெரிக்க வானியலாளர் ஃபிரெட் விப்பிள்தான் விடை சொன்னார்: வால்வெள்ளியின் நடுவிலுள்ள உட்கரு பனியும் தூசும் கலந்தது, வெயிலில் பனி ஆவியாகிப் பீறிடும்போது அது ராக்கெட்டைப்போல உட்கருவைத் தள்ளுகிறது. தலைப்பகுதியை விரித்து ஒளிரச் செய்யும் அதே ஆவிதான் பாதையையும் மாற்றுகிறது. அப்படியிருக்க, ஒளியின் கணக்கைத் திருத்துகிறவர் எதில் கை வைக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள்.

மேகம் மறைத்த நாட்களை விட்டுவிட்டதற்கும் ஒரு கதை உண்டு. ஒரு மேக்னிட்யூட் 2.512 மடங்கு என்று 1856இல் வரையறுத்த நார்மன் போக்சன்தான் 1861 முதல் சென்னை வானாய்வகத்தை நடத்தியவர். பீலா வால்வெள்ளி 1846இல் இரண்டாகப் பிளந்து, 1852க்குப் பிறகு காணாமலே போயிருந்தது. 1872 நவம்பர் 27 அன்று அதன் பாதையிலிருந்து எரிமீன்கள் மழையாகப் பொழிந்ததும், தீட்டா சென்டாரி விண்மீனுக்கு அருகே தேடும்படி ஜெர்மனியிலிருந்து கிளிங்கர்ஃபியூஸ் என்ற வானியலாளர் சென்னைக்குத் தந்தி அடித்தார். அது கார்த்திகை மாதம். நம் ஊர் மழை உங்களுக்குத் தெரியும். டிசம்பர் தொடக்கத்தில் மேகம் விலகிய இரண்டு அதிகாலைகளில் போக்சன் ஒரு வால்வெள்ளியைக் கண்டு இடம் குறித்தார். அதன்பின் வானம் மூடிக்கொண்டது. பாதையைக் கணிக்கக் குறைந்தது மூன்று இடக்குறிப்புகள் வேண்டும். அவரிடம் இருந்தவை இரண்டே. மூன்றாவதை அவர் இட்டுக்கட்டவில்லை. அதனால் அவர் கண்டது பீலா அல்ல என்று பிற்காலத்தவர் அந்த இரண்டை நம்பியே சொல்ல முடிந்தது.

என்கே 2027 பிப்ரவரியில் மறுபடியும் சூரியனை நெருங்குகிறது. தை பிறந்துவிட்டால் உங்கள் பக்கத்து வானம் தெளிந்துவிடும். அதற்குள் பழைய நோட்டை எடுத்து, பேனா டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, அந்த மூன்று வரிகளையும் சாய்த்துப் பாருங்கள். தடம் தெரியும். தெரிகிற எண்ணைத் திருத்திய எண்ணுக்குப் பக்கத்தில் மையால் எழுதுங்கள். எழுதி, முதலில் எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி