சொட்டுகிறதா, கசிகிறதா, ஒழுகுகிறதா? கீசர் குறித்த வாசகர் கேள்விகள்

கீசரைப் பற்றி வரும் கடிதங்களில் பெரும்பாலானவை 'லீக் ஆகிறது' என்ற அளவில் நின்றுவிடுகின்றன. சொட்டுவது, கசிவது, ஒழுகுவது என்று தமிழில் தனித்தனிச் சொற்கள் இருக்க, எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுவதால் பழுது பார்க்க வருபவருக்கும் குழப்பம், நமக்கும் வீண் செலவு. எந்த இடத்திலிருந்து, எந்த நேரத்தில், எவ்வளவு நீர் வருகிறது என்பதைக் கவனித்து எழுதிய நான்கு கடிதங்களுக்கு இம்முறை பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் குளியலறையில் 25 லிட்டர் கீசர் பொருத்தி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கடந்த மார்கழி முதல், காலையில் சுவிட்சைப் போட்ட சிறிது நேரத்தில் அடியிலுள்ள பித்தளை வால்வின் சிறு துளையிலிருந்து நீர் சொட்டத் தொடங்கியது. அணைத்த பிறகு தானாக நின்றுவிடும். பார்க்க வந்த பிளம்பர், வால்வு போய்விட்டது என்று சொல்லி, துளையில் ஒரு திருகை முறுக்கி அடைத்துச் சென்றார். இப்போது சொட்டுவதில்லை. ஆனால் சூடாகும்போது உள்ளே 'டொக், டொக்' என்று சத்தம் கேட்கிறது. இப்படியே பயன்படுத்தலாமா?
– வாசகி, மடிப்பாக்கம்

பதில்: அந்தத் திருகை அகற்றும் வரை கீசரைப் போடவே வேண்டாம். உங்கள் வால்வு பழுதாகவில்லை. தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அழுத்தத்துக்கு எதிராக இருந்த ஒரே பாதுகாப்பை அடைத்துவிட்டுப் போயிருக்கிறார் உங்கள் பிளம்பர்.

நீர் சூடேறும்போது விரிகிறது. 25 டிகிரி செல்சியஸில் இருக்கும் 25 லிட்டர் நீரை 60 டிகிரிக்குச் சூடாக்கினால் ஏறக்குறைய 350 மில்லி லிட்டர், அதாவது ஒன்றரை டம்ளருக்குச் சற்று அதிகமாக, அது பெருகும். கீசரின் தொட்டி எப்போதும் முழுவதும் நிரம்பியே இருக்கும். வெந்நீர்க் குழாயை நீங்கள் திறக்காதவரை அந்தப் பக்கம் வழியில்லை. குளிர்ந்த நீர் உள்ளே வரும் பக்கத்திலோ, வந்த நீர் திரும்பிப் போகாமல் தடுக்கும் அமைப்பு அதே பித்தளை வால்வுக்குள் இருக்கிறது. அந்தத் தடுப்பு இல்லாவிட்டால், மாடித் தொட்டி காலியாகும் நாளில் கீசரிலுள்ள நீர் பின்வாங்கி, நீரைச் சூடாக்கும் மின்சுருளான காயில் நீரின்றிக் காய்ந்து எரிந்துவிடும். ஆகவே இரு பக்கமும் அடைபட்ட தொட்டிக்குள் அழுத்தம் ஏறி, வால்வுக்குக் குறித்த அளவை எட்டியதும் சிறு துளை திறந்து, பெருகிய நீரை மட்டும் சொட்டுச் சொட்டாக வெளியேற்றுகிறது. நீங்கள் கண்டது இதைத்தான்.

இத்தனை ஆண்டுகள் சொட்டாதது மார்கழியில் ஏன் சொட்டியது என்று நீங்கள் கேட்கலாம். குளிர்காலத்தில் உள்ளே வரும் நீர் சற்றுக் குளிர்ந்திருப்பதால் விரிவும் சற்றுக் கூடும் என்பது ஒரு காரணம். அதைவிட நம்பத்தக்க காரணம் ஒன்று உண்டு. நன்றாக மூடாத வெந்நீர்க் குழாய் ஒன்று வீட்டில் இருந்து, அதற்கு அண்மையில் புதிய வாஷர் போட்டீர்களா என்று நினைத்துப் பாருங்கள். அப்படியானால் இத்தனை நாளும் அந்தப் பழுதான குழாய் வழியாகவே அழுத்தம் வடிந்துகொண்டிருந்திருக்கும். அதைச் சரிசெய்ததும் வால்வுக்கு வேலை வந்துவிட்டது.

துளையை அடைத்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு நாளும் சூடாகும்போது தொட்டியின் பற்றவைப்புகளும் அடியிலுள்ள ரப்பர் கேஸ்கெட்டும் தாங்க வேண்டிய அளவுக்கு மேல் அழுத்தத்தைத் தாங்குகின்றன. விரைவில் அங்கேயே ஒழுகத் தொடங்கும். அது சிறிய இழப்பு. என்றாவது தெர்மோஸ்டாட், துண்டிக்க வேண்டிய வெப்பத்தில் மின்சாரத்தைத் துண்டிக்காமல் ஒட்டிக்கொண்டு, அதற்கு அடுத்த காவலான கட்-அவுட்டும் செயல்படாமல் போனால், அழுத்தத்தின் கீழ் இருக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் சூடேறிக்கொண்டே போகும். அந்த நிலையில் தொட்டி பிளந்தால் அதில் ஒரு பகுதி நொடியில் ஆவியாகும். ஆவியாக மாறும் நீர் தன் அளவைப்போல் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். கீசர் வெடித்தது என்று செய்தித்தாளில் படிப்பதன் பின்னணி பெரும்பாலும் இதுவே.

நீர் முழுவதும் ஆறிய பிறகு, வெந்நீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கிவிட்டு, அந்த வால்வையே கழற்றி அதே அழுத்த அளவுள்ள புதியதைப் போடச் சொல்லுங்கள். திருகு முறுக்கப்பட்ட வால்வை இனி நம்ப வேண்டாம். தொட்டிக்குரிய அழுத்த அளவு கீசரின் மீதுள்ள தகட்டில் இருக்கும். பல கீசர்களில் அது 8 பார் ('பார்' என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). சொட்டும் நீர் தொந்தரவாக இருந்தால், துளையில் ஒரு மெல்லிய குழாயை மாட்டிச் சரிவாகத் தரை வடிகால் வரை இறக்கலாம். அந்தக் குழாயின் முனை திறந்தே இருக்க வேண்டும்.

சொட்டுவது இயல்பானதா என்று சோதிக்கவும் வழியுண்டு. ஒருமுறை முழுவதும் சூடாகி முடியும் வரை, அதாவது 2,000 வாட் காயிலுக்குச் சுமார் அரை மணி நேரம், துளையின் கீழே ஒரு பாத்திரத்தை வையுங்கள். இரண்டு டம்ளருக்குள் இருந்தால் கவலையில்லை. சுவிட்சைப் போடாத நேரத்திலும் சொட்டினால் வால்வின் வாயில் மணலோ உப்புத் துகளோ சிக்கியிருக்கலாம். உங்களுடையது தனி வீடாக இருந்தால், மாடித் தொட்டியின் உயரம் மட்டுமே வால்வைத் திறந்துவிடாது. 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார்தான் கணக்கு. பல மாடிக் குடியிருப்பின் கீழ்த்தளங்களுக்கு இது பொருந்தாது.

'டொக், டொக்' சத்தம் வேறு கதை. போர் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு காயிலின் மீது ஓடாகப் படிந்து, அதன் அடியில் சிக்கிய நீர் கொதித்து வெடிக்கும் ஒலி அது. வால்வை மாற்றும்போதே காயிலையும் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆறு ஆண்டுகளாகப் பயன்படுத்தும் கீசரின் வெளி உறையின் அடியிலிருந்து, இரவும் பகலும், செம்பழுப்பு நிறத்தில் நீர் கசிகிறது. ஒருவர் பற்றவைத்துத் தருகிறேன் என்கிறார். இன்னொருவர் எம்-சீல் போதும் என்கிறார்.
– வாசகர், தூத்துக்குடி

பதில்: இரண்டும் வேண்டாம். குழாய் இணைப்புகளையும் வால்வையும் துணியால் நன்றாகத் துடைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு காகிதத் துண்டைச் சுற்றி வையுங்கள். காகிதங்கள் எல்லாம் உலர்ந்திருக்க, உறையின் அடியிலிருந்தோ மின்கம்பி நுழையும் துளையிலிருந்தோ மட்டும் நீர் வந்தால், அது ஒன்று கேஸ்கெட், அல்லது தொட்டி. கேஸ்கெட் என்றால் சில நூறு ரூபாய் செலவில் முடிந்துவிடும். அடி மூடியைத் திறந்து பார்த்தவுடன் தெரியும். துருநீர் வருவதைக் கொண்டு பார்த்தால் உங்களுடையது தொட்டியாகவே இருக்க வாய்ப்பு அதிகம். உள்ளிருந்து அரித்து ஒரு துளை விழுந்த தொட்டியில், அதைச் சுற்றியுள்ள தகடும் மெலிந்தே இருக்கும். ஓரிடத்தில் பற்றவைத்தால் பக்கத்தில் விடும். கண்ணாடிப் பூச்சுள்ள தொட்டியாக இருந்தால் பற்றவைக்கும் சூட்டில் அந்தப் பூச்சே உதிர்ந்துவிடும்.

ஆறு ஆண்டு என்பது உங்கள் ஊர் உப்பு நீருக்கு வியப்பளிக்கும் ஆயுள் அன்று. ஆனாலும் ஒன்றைக் கேட்டாக வேண்டும்: இடையில் ஒருமுறையாவது மெக்னீசியத் தண்டை மாற்றினீர்களா? இரும்புத் தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்கென்றே பல கீசர்களின் உள்ளே ஒரு மெக்னீசியத் தண்டு பொருத்தப்பட்டிருக்கும். அது கரைந்து தீர்ந்த பிறகுதான் அரிப்பு தொட்டியின் பக்கம் திரும்பும். கடின நீர் உள்ள வீடுகளில் ஆண்டுக்கு ஒருமுறை அதைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. கீசர் விற்கும்போது தள்ளுபடியைப் பற்றி அரை மணி நேரம் பேசுபவர்கள் இந்தத் தண்டைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. புதியது வாங்கும்முன் உங்கள் நீரைச் சோதித்துக்கொள்ளுங்கள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயப்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லி கிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதி. உங்கள் நீர் எங்கே நிற்கிறது என்று தெரிந்தால், உத்தரவாத அட்டையில் நீரின் தன்மை குறித்து இருக்கும் நிபந்தனையை அப்போதே படித்துவிடலாம்.

பழையதை இறக்கும் வரை கசிவை நிறுத்த, மின்சாரத்தைத் துண்டித்து, கீசருக்குப் போகும் ஆங்கிள் வால்வை மூடுங்கள். மூடிய பிறகும் கசிவு உடனே நிற்காது. வெந்நீர் தொட்டியின் மேற்பகுதியிலிருந்து எடுக்கப்படுவதால், குழாயைத் திறந்துவிட்டாலும் தொட்டி காலியாவதில்லை. குளிர்ந்த நீர் நுழையும் அடிப்பக்க இணைப்பைக் கழற்றி, அந்த வழியாகத்தான் வடிக்க வேண்டும். ஆறிய பிறகு செய்யுங்கள். வாளிகளும் தயாராக இருக்கட்டும்.

கேள்வி: கீசர் கசியத் தொடங்கியதிலிருந்து, குளிக்கும்போது குழாயைத் தொட்டால் 'சுருக்'கென்று இருக்கிறது. பிளம்பர் அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.
– வாசகர், திருச்சி

பதில்: அடுத்த வாரம் வரை காத்திருக்கக் கூடாது. இப்போதே, காய்ந்த கையால், பிரதானப் பெட்டியில் கீசருக்குரிய எம்.சி.பி.யை (மின்சாரத்தைத் துண்டிக்கும் சிறு சுவிட்சை) இறக்கிவிடுங்கள்; குளியலறைச் சுவிட்ச் மட்டும் போதாது, ஏனெனில் பல வீடுகளில் அது நியூட்ரல் பக்கத்தில் தவறாக இணைக்கப்பட்டிருப்பதுண்டு. உங்களுக்கு முதலில் வேண்டியவர் எலக்ட்ரீஷியன். கசிந்த நீர் மின் இணைப்புகளை எட்டியிருக்கலாம், அல்லது காயிலின் உறை வெடித்திருக்கலாம். எதுவானாலும் வீட்டின் எர்த் சரியாக இருந்திருந்தால் உங்கள் கைக்கு அது வந்திருக்காது. எர்த்தைச் சோதித்து, மின்கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டியதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்புச் சுவிட்ச் ஒன்றையும் பொருத்தச் சொல்லுங்கள். அதன்பின் பிளம்பர் வரட்டும்.

கேள்வி: புதிய கீசர் பொருத்தி ஒரு மாதத்திலேயே, வெந்நீர் வெளிவரும் இணைப்பில் குழாயைத் திறக்கும்போது மட்டும் ஒழுகுகிறது. மூன்று முறை டெஃப்லான் டேப் சுற்றியும் நிற்கவில்லை.
– வாசகி, கோவை

பதில்: பின்னிய ஹோஸ் குழாயின் நட்டுக்குள் நீரைத் தடுப்பது அதன் ரப்பர் வாஷர்தான், மரையில் டேப் சுற்றுவதால் அங்கே பயன் குறைவு. வாஷர் மடங்கியோ பிளந்தோ இருக்கும், அளவுக்கு மேல் முறுக்கினால் அது இன்னும் நசுங்கும். புதிய வாஷர் போட்டுக் கையால் இறுக்கி, பிறகு ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். அதற்கு அடுத்துச் சுவருக்குள் போகும் வெந்நீர்க் குழாய் எது என்றும் பார்த்துவிடுங்கள். அது சாதாரண பி.வி.சி. என்றால் 60 டிகிரி நீரில் இளகி, இணைப்பு மீண்டும் மீண்டும் விலகும், வெந்நீருக்கு சி.பி.வி.சி. குழாயே ஏற்றது.