429 கோடிக்குள் ஒளிந்திருந்த 641

கேள்வி: 4,29,49,67,297 என்ற எண்ணைப் பெரிய கணித அறிஞர் ஒருவரே பகா எண் என்று தவறாக நம்பியிருந்தார் என்று படித்தேன். கணிப்பொறி இல்லாத காலத்தில் அது பகு எண் என்று எப்படித் தெரிந்தது? அந்த எண்ணுக்கு வேறு சிறப்புகளும் உண்டா?

பதில்: நீங்கள் படித்தது உண்மைதான். அந்த அறிஞர் பிரான்சைச் சேர்ந்த ஃபெர்மா. 2-ஐ 1, 2, 4, 8, 16 ஆகிய அடுக்குகளுக்கு உயர்த்தி, ஒவ்வொன்றோடும் 1-ஐக் கூட்டினால் 3, 5, 17, 257, 65,537 என்னும் ஐந்து பகா எண்கள் கிடைக்கின்றன. அடுத்த அடுக்கான 32-க்கு வருவதே நீங்கள் கேட்ட எண். இவ்வரிசையில் வருபவை எல்லாமே பகா எண்கள்தான் என்று 1640-இல் ஃபெர்மா கருதினார். நிரூபணம் தம்மிடம் இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

1729-இல் கணித அறிஞர் கோல்ட்பாக் எழுதிய கடிதத்தின் மூலம் இக்கேள்வி சுவிட்சர்லாந்துக் கணித அறிஞர் ஆய்லரை எட்டியது. இந்த எண் 641 × 67,00,417 என்று 1732-இல் அவர் காட்டிவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு வகுத்துப் பார்ப்பதென்றால் 65,536-க்கு உட்பட்ட 6,542 பகா எண்களையும் சோதிக்க வேண்டி வரலாம். ஆனால், இதன் பகாக் காரணி எதுவாயினும் அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தே தீரும் என்பது ஆய்லர் பிற்பாடு நிறுவிய விதி. அதன்படி 193, 257, 449, 577 ஆகிய நான்கும் வகுக்காமல் போக, ஐந்தாவதாக வரும் 641 மீதியின்றி வகுத்துவிடுகிறது.

நீண்ட வகுத்தல் இல்லாமலே இதை நீங்கள் சரிபார்க்கலாம். 641 என்பது 5⁴ + 2⁴. இதை 2²⁸-ஆல் பெருக்கினால் 5⁴ × 2²⁸ + 2³² ஆகிறது. இதன் முதல் உறுப்பு 640⁴ என்பதைக் கவனியுங்கள். 640 என்பது 641-ஐ விட ஒன்றே குறைவானது என்பதால் அதன் நான்காம் அடுக்கை 641-ஆல் வகுக்க மீதி 1 வரும். மொத்தத் தொகையோ 641-இன் மடங்கு. ஆகவே 2³² + 1-உம் 641-இன் மடங்காகவே இருந்தாக வேண்டும்.

67,00,417-உம் பகா எண்ணே என்பதால், நம் எண்ணுக்கு 1-ஐயும் அதனையும் சேர்த்து நான்கே காரணிகள். தன்னைத் தவிர்த்த மற்றவற்றின் கூடுதல் 67,01,059 மட்டுமே ஆவதால் இது ஒரு குறைவெண். பகா எண்களுக்கென ஃபெர்மா கண்ட சோதனையில் 2-ஐ அடியாகக் கொண்டால் (அதாவது, 2-ஐ இந்த எண்ணின் அடுக்குக்கு உயர்த்தி இதே எண்ணால் வகுத்தால் மீதி 2 வருகிறதா என்று பார்த்தால்) இது தேறியும் விடுகிறது. அதனால் போலிப் பகா எண் என்ற வகையிலும் சேர்கிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறொன்று. ஒரு பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியுமானால் ஒரே வழியில்தான் எழுத முடியும். இந்த எண் 65,536² + 1² என்பது பார்த்தவுடனே தெரிகிறது; அதுவே 62,264² + 20,449² ஆகவும் இருக்கிறது. காரணி எதுவென்று தெரியாவிட்டாலும், இந்த இரண்டாவது வழி ஒன்றே இது பகா எண் அல்ல என்று சொல்லப் போதுமானது.