அப்ரோச்சுக்கு அனுமதி கிடைத்ததும் விமானி உடனே கீழே இறங்கிவிடலாமா?

கேள்வி இதுதான்: மேகத்துக்குள் இருக்கும் விமானத்துக்குத் தரையிலிருக்கும் கண்ட்ரோலர் அப்ரோச் க்ளியரன்ஸ், அதாவது ஓடுபாதையை நோக்கி வர அனுமதி, கொடுத்துவிட்டால், கீழே மலையோ கோபுரமோ இல்லை என்று அவர் பார்த்துத்தானே சொல்கிறார்? பிறகென்ன, இறங்க வேண்டியதுதானே?

கூடாது. இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் வைத்துப் பறக்கும் தகுதி) எடுக்க வருகிறவர்களுக்கு சிமுலேட்டரில் பயிற்சி கொடுப்பது என் வேலை. முதல் வாரத்தில் பலரும் செய்யும் தவறே இதுதான். க்ளியரன்ஸ் காதில் விழுந்ததும் கை உயரத்தைத் தேர்ந்தெடுக்கும் குமிழுக்குப் போய்விடும். அப்ரோச் பாதையின் வரைபடமான சார்ட்டில் கண்ணில் படும் சின்ன எண்ணைத் திருகி வைத்துவிடுவார்கள். நான் சிமுலேட்டரை நிறுத்திவிட்டு, "இப்ப நீ எங்கப்பா இருக்க, சார்ட்ல விரலை வை" என்பேன். விரல் பெரும்பாலும் அச்சிட்ட பாதைக்கு வெளியே, வெற்றுத் தாளில் போய் நிற்கும்.

சார்ட்டில் இருக்கும் ஒவ்வொரு உயரமும் பாதையின் ஒரு துண்டுக்கு மட்டுமே உரியது. ஆரம்பத் துண்டில், அங்குள்ள மிக உயரமான தடைக்கு மேல் குறைந்தது 300 மீட்டர் இடைவெளி விட்டிருப்பார்கள். நடுத்துண்டில் அது 150 மீட்டர். கிளைடுஸ்லோப் (இறங்கும் சரிவைக் காட்டும் ரேடியோ வழிகாட்டி) இல்லாத அப்ரோச்சின் கடைசித் துண்டில் வெறும் 75 மீட்டர். ஓடுபாதையை நெருங்க நெருங்க விமானம் இருக்கும் இடம் துல்லியமாகத் தெரியும், தடைகளைக் கணக்கெடுக்கும் பட்டையும் ஒடுங்கும். அதனால்தான் இவ்வளவு குறைக்க முடிகிறது. கடைசித் துண்டின் எண்ணை முன்கூட்டியே எடுத்துக்கொண்டால், வேறொரு நிலத்துக்குப் போட்ட கணக்கை நம்பிப் பறக்கிறீர்கள்.

1974 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவில் அதுதான் நடந்தது. டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் விமானம் 514, ஒரு போயிங் 727. வாஷிங்டன் நேஷனல் விமான நிலையத்தில் பக்கவாட்டுக் காற்று பலமாக இருந்ததால், அதே நகருக்கு அருகிலுள்ள டல்லஸ் (Dulles) விமான நிலையத்துக்குத் திருப்பிவிட்டார்கள். இன்னும் 44 மைல் இருக்கும்போதே, 7000 அடியில், ஓடுபாதை 12-க்கான அப்ரோச் க்ளியரன்ஸ் வந்துவிட்டது. விமானிகள் 1800 அடிக்கு இறங்கத் தொடங்கினார்கள். அந்த 1800, ரவுண்ட் ஹில் என்ற புள்ளியைத் தாண்டிய பிறகுதான் செல்லும். அதற்கு முன்னால் புளூ ரிட்ஜ் மலைத்தொடர் குறுக்கே நிற்கிறது. மவுன்ட் வெதர் மலையில், ஏறக்குறைய 1670 அடி உயரத்தில் மோதியது. 92 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

காக்பிட் பதிவில் இருந்த உரையாடலை மாணவர்களிடம் வாசிக்கக் கொடுப்பேன். ரவுண்ட் ஹில் வரை 3400 அடிதான் குறைந்தபட்சம் என்று சார்ட்டில் இருப்பதைக் கேப்டனே பார்த்துச் சொல்கிறார். பிறகு, கண்ட்ரோலர் க்ளியர் செய்துவிட்டால் இறங்கலாம் என்று தங்களுக்குள் பேசி முடிவு செய்துகொள்கிறார்கள். அந்த இடத்தை வாசிக்கும்போது வகுப்பில் பேச்சே இருக்காது.

குற்றத்தை விமானிகள் மேல் மட்டும் போடுவது நியாயமில்லை என்பது என் கருத்து. ராடாரில் இருக்கும் விமானத்துக்குத் தடைகளைக் கண்ட்ரோலரே பார்த்துக்கொள்கிறார் என்று அவர்கள் எண்ணினார்கள். விமானியே பார்த்துக்கொள்வார் என்று அவர் இருந்தார். விபத்தை விசாரித்த வாரியமே காரணம் எது என்பதில் 3-க்கு 2 என்று பிரிந்தது. அதைவிட மனதை அறுப்பது, ஆறு வாரங்களுக்கு முன்பு வேறொரு நிறுவனத்தின் விமானம் இதே இடத்தில் மயிரிழையில் தப்பியிருந்தது. அந்தச் செய்தி அந்த நிறுவனத்தைத் தாண்டி வெளியே வரவில்லை. இப்படிப்பட்ட சம்பவங்களை யாரும் பயமின்றித் தெரிவிக்க, நாசா நடத்தும் ஏ.எஸ்.ஆர்.எஸ். என்ற அமைப்பு 1976-இல் வந்தது. தரை நெருங்கினால் கத்தும் ஜி.பி.டபிள்யூ.எஸ். கருவியை விபத்து நடந்த அதே மாதத்திலேயே பெரிய பயணி விமானங்களுக்குக் கட்டாயமாக்க உத்தரவிட்டார்கள்.

காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் ஆல்டிமீட்டரையும் சொல்லிவிடுகிறேன். அழுத்த அளவை 10 ஹெக்டோபாஸ்கல் கூடுதலாக வைத்துவிட்டால், விமானம் காட்டும் உயரத்தைவிட சுமார் 280 அடி கீழே இருக்கும். கடைசித் துண்டின் 75 மீட்டர் என்பது 246 அடி. மொத்தமும் போயிற்று.

இன்று விதி தெளிவாக இருக்கிறது. ராடார் வழிகாட்டுதலில் வரும்போது க்ளியரன்ஸ் கிடைத்தாலும், சார்ட்டில் அச்சிட்ட பாதையில் சேரும்வரை கடைசியாகக் கொடுத்த உயரத்தை விடக்கூடாது. கண்ட்ரோலரும் "பாதையில் சேரும்வரை இந்த உயரம்" என்று சேர்த்தே சொல்வார். சொல்லாவிட்டால் கேளுங்கள். 514-க்கு க்ளியரன்ஸுக்கும் மலைக்கும் நடுவில் ஏறக்குறைய ஐந்து நிமிடம் இருந்தது. 3400-ஐப் பற்றி ரேடியோவில் யாரும் கேட்கவில்லை.