மகள் இறையியல் படிக்கட்டுமா?

கேள்வி: வணக்கம் அக்கா. என் மகள் தொடக்கக் கல்லூரி இரண்டாம் ஆண்டு. நன்றாகப் படிக்கிற பிள்ளைதான். இப்போது திடீரென்று இறையியல் படிக்க வேண்டும், கூடவே மகளிரியலும் வேண்டும் என்கிறாள். "பாஸ்டர் ஆகப் போகிறாயா, போராட்டம் பண்ணப் போகிறாயா, ஒன்றைச் சொல்லு" என்று அவள் அப்பா சத்தம் போடுகிறார். இரண்டையும் சேர்த்துப் படிக்க முடியுமா? எங்கே படிப்பது? படித்தால் வேலை கிடைக்குமா?
- ஜூரோங் வெஸ்ட் வாசகி

பதில்: வீட்டில் தமிழ் வேதாகமம் இருக்கும் அல்லவா, ரோமர் 16ஆம் அதிகாரம் 7ஆம் வசனத்தை எடுத்து மகளோடு உட்கார்ந்து வாசியுங்கள். பவுல் தன்னோடு சிறையில் இருந்த இரண்டு பேரை வாழ்த்துகிறார். அவர்களில் ஒருவர் பெயர் யூனியா, அது ஒரு பெண்ணின் பெயர். அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்றவர்கள் என்று அந்த இருவரைப் பற்றியும் அங்கே எழுதியிருக்கிறது. நான்காம் நூற்றாண்டில் கிறிசோஸ்தம் என்ற புகழ்பெற்ற கிரேக்கப் பிரசங்கியார் இந்த வசனத்துக்கு விளக்கம் சொன்னபோது அவளைப் பெண் என்றே எடுத்துக்கொண்டு வியந்து பாராட்டினார். ஆனால் பழைய கிரேக்கப் படிகளில் அழுத்தக்குறிகள் கிடையாது, பிற்பாடு போட்டவைதான். அந்தப் பெயரில் குறியை ஓர் எழுத்தின் மேல் போட்டால் பெண், பக்கத்து எழுத்தின் மேல் போட்டால் ஆண். யூனியாஸ் என்று ஓர் ஆணுக்குப் பெயர் இருந்ததாக அந்தக் காலத்துக் கல்வெட்டு எதிலும் காணோம், யூனியா என்ற பெண்பெயரோ நிறையக் கிடைக்கிறது. அப்படி இருந்தும் 1978இல் வந்த ஓர் ஆங்கில மொழிபெயர்ப்பில்கூட அவளை ஆணாகவே அச்சடித்தார்கள். மாலை வகுப்பு ஒன்றில் ஆசிரியர் அந்தப் பெயரைப் பலகையில் இரண்டு விதமாக எழுதிக் காட்டியபோது எனக்கு வயது நாற்பதுக்கு மேல். ஞாயிறு பள்ளி நாளிலிருந்து கோவிலுக்குப் போகிறேன், இந்தப் பெயரை ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. வீடு வரைக்கும் பேருந்தில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

உங்கள் மகள் கேட்பது அந்த மாதிரிப் படிப்பைத்தான் என்று நினைக்கிறேன். அது புதுசு ஒன்றும் இல்லை. ஹார்வர்டு இறையியல் பள்ளியில் சமயமும் மகளிரியலும் சேர்ந்த ஆய்வுத் திட்டம் 1973இலேயே தொடங்கிவிட்டது.

சரி, எங்கே படிப்பது? இங்கே இரண்டு வாசல் இருக்கிறது, அதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். ஒன்று இறையியல் கல்லூரி. 1948இல் தொடங்கி இப்போது அப்பர் புக்கிட் தீமாவில் இருக்கும் டிரினிட்டி இறையியல் கல்லூரியும், 1952இல் தொடங்கிய சிங்கப்பூர் பைபிள் கல்லூரியும் அந்த வகை. இவை ஊழியத்துக்கு ஆள் தயார் செய்கிற இடங்கள், அதனால் பொதுவாகச் சபையின் பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள். எம்.டிவ். என்ற இறையியல் முதுநிலைப் படிப்பில் சேர, வேறு ஏதாவது ஒரு பட்டம் முதலில் கையில் இருக்க வேண்டும். இன்னொரு வாசல் பல்கலைக்கழகம். அங்கே சமயத்தைச் சமூகவியல், வரலாறு, இலக்கியம் வழியாகப் படிக்கலாம், யாரும் விசுவாசத்தைக் கேட்கமாட்டார்கள். மகளிரியலும் பெரும்பாலும் அந்தத் துறைகளுக்குள்தான் வரும். நம் ஊரிலேயே பாருங்கள், 1961இல் மாதர் சாசனம் என்ற சட்டம் வருவதற்கு முன்னால் வழக்கத்தின் பேரில் ஓர் ஆண் இரண்டு மூன்று மனைவி வைத்துக்கொள்ளலாம். சாசனம் அதை நிறுத்தியது, முஸ்லிம் திருமணங்களுக்கு மட்டும் தனிச் சட்டம். மதமும் பெண்ணின் உரிமையும் சட்டத்தில் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று படிக்க இதைவிடப் பக்கத்தில் ஓர் உதாரணம் கிடைக்காது.

பதினெட்டு வயதில் நேராக இறையியல் கல்லூரிக்குப் போகச் சொல்லமாட்டேன். முதலில் பல்கலைக்கழகத்தில் ஒரு பட்டம் வாங்கட்டும், அதில் சமயப் பாடமும் பெண்கள் பற்றிய பாடமும் எடுக்கட்டும், அப்புறமும் அந்த ஆசை குறையாமல் இருந்தால் எம்.டிவ். போகட்டும். தமிழிலேயே படிக்க ஆசைப்பட்டால் மதுரை அரசரடியில் 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி இருக்கிறது, பட்டம், இந்தியாவில் பல இறையியல் கல்லூரிகளுக்குப் பட்டம் வழங்கும் அமைப்பான செராம்பூர் செனட் கொடுப்பது. எங்கே சேர்ந்தாலும் கிரேக்கமோ எபிரேயமோ கற்றுக்கொடுக்கிறார்களா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். யூனியா விஷயத்தைத் தானே பார்த்துத் தெரிந்துகொள்ள அது இல்லாமல் முடியாது.

வேலையைப் பொறுத்தவரை மறைக்காமல் சொல்கிறேன். சபை ஊழியம், மருத்துவமனையில் நோயாளிகளுக்கு ஆன்மிகத் துணை, கற்பித்தல், தொண்டு அமைப்புகள், இவைதான் பக்கத்தில் இருப்பவை. சமூகப் பணியாளர் வேலைக்கு இந்தப் படிப்பு போதாது, சமூகப்பணிப் பட்டத்தையே கேட்பார்கள். சில சபைகளில் பெண்ணுக்குப் போதகர் பட்டம் உண்டு, சிலவற்றில் கிடையாது. உங்கள் சபை எந்தப் பக்கம் என்று மூன்று வருடம் படித்து முடித்த பிறகு தெரிந்துகொண்டால் பிள்ளை உடைந்துபோவாள், இப்போதே போதகரைப் பார்த்துக் கேட்டுவிடுங்கள். அப்பாவும் கூட வந்தால் நல்லது.

கேள்வி: எனக்கு 46 வயது, சைவக் குடும்பம். இறையியல் என்றாலே கிறிஸ்தவர்களுக்குத்தானா? நம் பக்கத்துப் பெண்களைப் பற்றி இப்படிப் படிக்க வழி உண்டா?
- தோபாயோ வாசகி

பதில்: தாராளமாக உண்டு. காரைக்கால் அம்மையாரையே எடுத்துக்கொள்ளுங்கள். மாங்கனி, பயந்து ஓடிய கணவன், அவன் இன்னொருத்தியைக் கட்டிப் பெற்ற மகளுக்கு இவள் பெயரையே வைத்தது எல்லாம் நமக்கு மனப்பாடம். ஆனால் அது 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் சொன்ன கதை. அம்மையார் ஐந்நூறு ஆண்டுக்கும் முன்னால் தானே பாடிய அற்புதத் திருவந்தாதியில் கணவனும் இல்லை, மாங்கனியும் இல்லை. தன்னைக் காரைக்கால் பேய் என்று அவரே சொல்லிக்கொள்கிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால், ஒரு பெண் தன்னைப் பற்றிச் சொன்னது எது, ஊர் அவளைப் பற்றிச் சொன்னது எது என்று கேட்கத் தோன்றும்.

வேலை பார்த்துக்கொண்டே படிக்க, சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தமிழ் மொழி, இலக்கியப் பட்டப்படிப்பு இருக்கிறது. பக்தி இலக்கியத்துக்கு எவ்வளவு இடம் தருகிறார்கள் என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். அதற்குள் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்துக்குப் போய்ப் பதினோராம் திருமுறையைக் கேட்டுப் பாருங்கள். அந்தாதி அதில்தான் இருக்கிறது, மொத்தம் 101 வெண்பா, ஒரு நாளைக்கு இரண்டு என்று உரையோடு போகலாம்.