மதக் கட்டம், பொங்கல், பாஸ்போர்ட்: ஸ்டுட்கார்ட் வந்திருக்கும் ஈரோட்டுத் தம்பிக்கு

தம்பி, நீங்க கேட்டது மூணு. வீட்டுப் பதிவுப் படிவத்துல மதம்ங்கற கட்டத்துல என்ன எழுதறது? தமிழ்ச் சங்கப் பொங்கலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போனா ஜெபக்கூட்டத்துல முகம் சுளிக்கறாங்களே, அது சரியா? பின்னாடி ஜெர்மன் குடியுரிமை வாங்கினா அது தேசத்துரோகம்னு மாமனார் இப்பவே சொல்றாரே, ஒரு கிறிஸ்தவன் அதுக்கு என்ன பதில் சொல்றது? இதுல அவசரம் முதல் கேள்விக்குத்தான். குடி வந்த ரெண்டு வாரத்துக்குள்ள அந்தப் படிவத்தைக் கொடுத்தாகணும்.

நம்ம ஊர்ல பல கிறிஸ்தவக் குடும்பங்க மதக் கட்டத்தை யோசிச்சுத்தான் நிரப்பும். கிறிஸ்தவன்னு எழுதினா எஸ்.சி. சலுகை போயிடும், 1950 ஜனாதிபதி ஆணை அப்படி. அந்தப் பயம் இங்க வேண்டாம். இங்க அந்தக் கட்டம் வரிக்கானது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆளான நீங்க ‘இவாங்கேலிஷ்’னு எழுதினா மாநிலப் புராட்டஸ்டண்ட் சபையில உறுப்பினர் ஆயிடுவீங்க, சம்பளச் சீட்டுல ‘கிர்ஷென்ஸ்டொயர்’னு ஒரு வரி வரும். அதுதான் சர்ச் வரி. ஸ்டுட்கார்ட் இருக்கற பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்துலயும் பவேரியாவுலயும் 8 சதவீதம், மத்த மாநிலங்கள்ல 9. சம்பளத்துல 8 சதவீதம்னு பதறிப் போய்ப் பல பேர் கட்டத்தைக் காலியா விடறாங்க. உண்மையில அது வருமான வரி மேல 8 சதவீதம். வருஷத்துக்கு 9,000 யூரோ வருமான வரி கட்டறவங்களுக்கு சர்ச் வரி சுமார் 720 யூரோ. பிள்ளைகளுக்கான கழிவு இருந்தா இன்னும் குறையும். கட்டின தொகையை வருடாந்திர வரிக் கணக்குல சிறப்புச் செலவாக் காட்டி வரியைக் குறைக்கலாம்.

உங்க வீட்டம்மா கருமத்தம்பட்டிப் பக்கம் ஆர்.சி. குடும்பம்னு சொன்னீங்க. அவங்க விஷயத்துல கூடுதல் கவனம் வேணும். கத்தோலிக்க சபையைப் பொறுத்தவரை எந்த நாட்டுல ஞானஸ்நானம் எடுத்திருந்தாலும் உறுப்பினர்தான். கட்டத்தைக் காலியா விட்டுட்டு, அப்புறம் மகனுக்குப் புதுநன்மைக்கு (முதல் நற்கருணைக்கு) போய் நிக்கும்போது பேச்சு வெளிய வரும், பழைய வரியும் சேர்த்துக் கேட்கலாம். எழுதிக் கொடுத்து விலகவும் செய்யலாம், சட்டத்துல தடை இல்லை. ஆனா 2012ல ஜெர்மன் ஆயர்கள் போட்ட ஆணைப்படி அப்படி விலகினவங்களுக்கு நற்கருணை கிடையாது, ஞானப்பெற்றோரா நிக்கவும் முடியாது. தமிழ்ப் பெந்தேகோஸ்தே கூட்டங்களும் பாப்டிஸ்ட் சபைகளும் பொதுவா இந்த வரி வாங்கறதில்லை, காணிக்கையிலதான் நடக்குது. என் கணிப்பு: மாநிலச் சபையோட மழலையர் பள்ளி, இளைஞர் முகாம், திடப்படுத்தல் வகுப்பு எல்லாம் பிள்ளைகளுக்கு வேணும்னா வரி கட்டுங்க. வேண்டாம்னா தெரிஞ்சே விலகி இருங்க. அனுபவிச்சுட்டு மறைக்கறது மட்டும் ஆகாது. சி.எஸ்.ஐ.யும் உறுப்பா இருக்கற ஈ.எம்.எஸ். மிஷன் அமைப்போட அலுவலகம் ஸ்டுட்கார்ட்லயே இருக்கு. புது ஊர்ல சபை தேடறப்ப அங்க கேட்டுப் பாருங்க.

பள்ளியில மத பாடம் உண்டு, வேண்டாம்னு பெற்றோர் எழுதிக் கொடுக்கலாம். பன்னிரண்டு வயசுக்கு மேல பிள்ளையோட விருப்பத்துக்கு மாறா அதோட மதத்தை மாத்த முடியாது. பதினாலு முடிஞ்சா எந்த மதம்னு பிள்ளையே முடிவு பண்ணும், நம்ம கையெழுத்துக்கு அங்க வேலை இல்லை. எட்டு வயசு மகள் இருக்கற வீட்டுக்கு இது தூரத்துச் சங்கதி இல்லீங்க. இப்ப இருந்தே வீட்டு ஜெபத்துல தமிழ் வேதம் வாசிக்க வைக்கணும். பழைய மொழிபெயர்ப்பு நாக்குல புரளலைன்னா 1995ல வந்த திருவிவிலியம் எளிது.

இனி பொங்கல். நம்ம பக்கம் பட்டிப் பொங்கல், பூ நோம்பி எல்லாமே காடு, மாடு, கன்னு சார்ந்த நோம்பிதான். நம்ம சபைகள்லயே அறுப்பின் பண்டிகைக்குக் கரும்பும் பூசணியும் கொண்டு போய் வெச்சு ஏலம் விடறோம். ஆனா சங்கத்துப் பொங்கல் ஊருக்கு ஊர் வேற மாதிரி. சில இடத்துல பானை, கோலம், கும்மி, சாக்கு ஓட்டம் அவ்வளவுதான். சில இடத்துல ஐயரை வெச்சுப் பூசை பண்ணி, படைச்சதைத்தான் பரிமாறுவாங்க. முன்கூட்டியே அமைப்பாளரைக் கேட்டுக்குங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. பவுல் சொன்ன முறையே போதும்: கடையில விக்கறதைக் கேள்வி கேக்காமச் சாப்பிடு, ‘இது படைச்சது’ன்னு ஒருத்தர் எடுத்துச் சொன்னா அவருக்காகத் தவிர்த்துடு (1 கொரிந்தியர் 10). மகள் கும்மி அடிக்கட்டும், பூசை நேரத்துல நீங்க வெளிய நின்னுக்கலாம்.

ஜெபக்கூட்டத்துக்காரங்களுக்குப் பதில் வேணும்னா பவுலோட ஊழியம் செஞ்ச தீமோத்தேயுவையும் தீத்துவையும் பாருங்க. தீமோத்தேயுவுக்குப் பவுலே விருத்தசேதனம் பண்ணி வெச்சார், அந்த வட்டார யூதர்களுக்காக (அப்போஸ்தலர் 16). தீத்து விஷயத்துல ஒரு இம்மி விட்டுக் கொடுக்கலை (கலாத்தியர் 2), ஏன்னா அங்க சிலர் அதைக் கட்டாயச் சட்டமாக்கப் பார்த்தாங்க. வழக்கம் வழக்கமா இருக்கற வரைக்கும் இணங்கிப் போகலாம். ‘இதைச் செஞ்சாத்தான் கிறிஸ்தவன்’, ‘இதை விட்டாத்தான் கிறிஸ்தவன்’னு ஆரம்பிச்சா நிறுத்தணும். பொங்கல் வேண்டாம்ங்கற அதே வீட்டுல ஈஸ்டருக்கு முயல் முட்டை வெச்சுட்டுப் போச்சுன்னு பிள்ளைகளைத் தோட்டத்துல தேட விடறாங்களே, அந்த முயல் எந்தச் சுவிசேஷத்துல வருதுன்னு பணிவாக் கேட்டுப் பாருங்க.

குடியுரிமைக்கு வருவோம். 2024 ஜூன் முதல் அஞ்சு வருஷ வாசம், பி1 அளவு ஜெர்மன், 33 கேள்விக் குடியுரிமைத் தேர்வுல 17 சரி, சொந்த வருமானம், இதெல்லாம் வேணும். கட்டணம் பெரியவங்களுக்கு 255 யூரோ, கூடவே விண்ணப்பிக்கற பிள்ளைக்கு 51. மூணு வருஷக் குறுக்கு வழியை 2025 அக்டோபர்ல எடுத்துட்டாங்க. உறுதிமொழியில அரசியல் சட்டத்தையும் சட்டங்களையும் மதிப்பேன், நாட்டுக்குத் தீங்கு செய்ய மாட்டேன்னு வரும். மனசாட்சிக்கு முள் எதுவும் அதுல இல்லை. ஜெர்மனி இரட்டைக் குடியுரிமையை இப்ப ஏத்துக்குது, இந்தியா ஏத்துக்கறதில்லை. ஜெர்மன் குடியுரிமை கிடைச்ச அன்னைக்கே 1955 இந்தியக் குடியுரிமைச் சட்டத்தோட 9ஆம் பிரிவுப்படி இந்தியக் குடியுரிமை தானா முடிஞ்சுது. பழைய பாஸ்போர்ட்டைத் துணைத் தூதரகத்துல ஒப்படைச்சுச் சான்று வாங்கி, அப்புறம் ஓ.சி.ஐ.க்கு (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கின இந்திய வம்சாவளிக்காரங்களுக்கான அட்டை) போடணும். பழசுலயே ஒரு தடவை கோயமுத்தூர் போய்ட்டு வந்துடலாம்னு நினைச்சா அபராதம்.

மாமனாருக்கு உள்ளூர இருக்கற பயம் அனேகமா தோட்டம் போயிடும்ங்கறதுதான். போகாது. வாரிசா வர்ற விவசாய நிலம் ஓ.சி.ஐ.க்கும் வரும். புதுசா விவசாய நிலம் வாங்கத்தான் முடியாது. ஆனா இந்திய பாஸ்போர்ட்டை வெச்சுக்கிட்டே வெளிநாட்டுல குடியிருக்கற நீங்களும் இப்ப வாங்க முடியாது. அதனால அந்தக் கணக்குல நட்டம் எதுவும் இல்லை. இதை அவர்கிட்ட முதல்ல சொல்லுங்க, ‘நம்ம குடியுரிமை பரலோகத்துல’ங்கற பிலிப்பியர் 3:20 அப்புறம் பார்த்துக்கலாம். ரோமக் குடியுரிமையைச் சொல்லிப் பவுல் சவுக்கடியில இருந்து தப்பினதையும் (அப்போஸ்தலர் 22) சேர்த்துக்குங்க.

நிஜமா மாறறது வேற. ஓட்டு போயிடும். 2021 மார்ச் அறிவிக்கைப்படி ஓ.சி.ஐ. வெச்சிருக்கறவங்க இந்தியாவுல மிஷனரி வேலை செய்ய முன் அனுமதி வேணும். சொந்தக்காரங்க சபையில ஆராதனைக்குப் போறதுக்கு இல்லை, ஊர் ஊரா ஊழியம் போற எண்ணம் இருந்தா மனசுல வைங்க. அடுத்தது காணிக்கை. இந்திய பாஸ்போர்ட் இருக்கறப்ப உங்க சம்பாத்தியத்துல ஊர்ச் சபைக் கட்டட நிதிக்கு வங்கி வழியா அனுப்பறது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறின மறுநாளே அதே பணம் வெளிநாட்டு நன்கொடை. எஃப்.சி.ஆர்.ஏ.ங்கற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ, கூடவே டெல்லி ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளையில அதுக்கான கணக்கும் இருக்கற சபைதான் வாங்கலாம். சின்ன கிராமச் சபைகள் பலதுக்கு அது இருக்காது, வாங்கிட்டா சிக்கல் உங்களுக்கு இல்லை, அங்க இருக்கற பொருளாளருக்கு. கட்டடத்துக்குப் பெரிய தொகை கொடுக்கற நேர்ச்சை இருந்தா விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடியே கொடுத்து ரசீது வாங்கி வெச்சுக்குங்க. அப்பிச்சி, அம்மிச்சிக்கு அனுப்பற செலவுப் பணத்துக்கு இந்தத் தடை இல்லீங்க.