வக்கீலைக் கேளுங்கள்: தொண்ணூறா, நூற்றெண்பதா?

கேள்வி: என் நாத்தனார் மகனை உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்பு) சட்டத்தில் பிடித்து, கடலூர் கேப்பர் மலை ஜெயிலில் வைத்திருக்கிறார்கள். இரண்டு மாதம் ஓடிவிட்டது. "உபா என்றால் ஆறு மாதத்துக்கு ஜாமீன் பேச்சே எடுக்கக் கூடாது" என்கிறார்கள். நிஜமா?
– வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: இல்லை அம்மா, ஆறு மாதம் தானாக வந்துவிடாது. குற்றப்பத்திரிகை போட உபாவிலும் முதல் கெடு 90 நாள்தான். விசாரணை எதுவரை வந்திருக்கிறது, இன்னும் ஏன் உள்ளே வைக்க வேண்டும் என்று அரசு வழக்கறிஞர் அறிக்கை கொடுத்து, நீதிமன்றம் ஒப்புக்கொண்டால்தான் அது 180 வரை நீளும்.

நீட்டிக்காமல், குற்றப்பத்திரிகையும் வராமல் கெடு முடிந்தால் ஸ்டாட்யூட்டரி பெயில், அதாவது சட்டமே தரும் ஜாமீன், உரிமை. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். குற்றப்பத்திரிகை வந்து விழுவதற்குள் மனு போட்டிருக்க வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். மஞ்சக்குப்பத்தில் என் மேஜையில் ஒரு தினசரி காலண்டர் இருக்கும். ரிமாண்டு தேதி, அதாவது காவலில் வைக்க நீதிபதி உத்தரவிட்ட தேதித் தாளில் சிவப்பு மையில் '1' என்று போடுவார் குமாஸ்தா. கைதான தேதியில் அல்ல. ரிமாண்டு ஆன தேதியில். அந்த நாளும் கணக்கில் சேரும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 91-ஆம் நாள் காலை கோர்ட் திறக்கும்போது மனு கையில் இருக்கட்டும்.

அப்புறம், கைதுக்கான காரணங்களை எழுத்தில் கொடுத்தார்களா என்று பையனிடம் கேளுங்கள். 2024-இல் ஒரு உபா வழக்கில் அதைக் கொடுக்காததாலேயே கைது செல்லாது என்று தீர்ப்பானது.

குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் கஷ்டம்தான். குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை போலத் தெரிந்தாலே ஜாமீன் கூடாது என்கிறது உபாவின் 43டி(5) பிரிவு. விசாரணையே முடியாமல் ஐந்து வருடத்துக்கு மேல் உள்ளே இருந்த ஒருவருக்கு 2021-இல் உச்ச நீதிமன்றம் கைகொடுத்தது. ஐந்து வருடம்! எனக்கு அது பெருமைப்படும் கணக்காகத் தெரியவில்லை.

கேள்வி: அமெரிக்காவின் குவாண்டனாமோ சிறை மாதிரி வழக்கே இல்லாமல் அடைப்பது இங்கேயும் உண்டா?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: குவாண்டனாமோ 2002-இல் திறந்தது, அங்கிருப்பவர்களுக்கும் ஆட்கொணர்வு மனு உரிமை உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்ல 2008 ஆனது. இங்கே வழக்கில்லாமல் முன்கூட்டியே அடைக்கும் தடுப்புக் காவலுக்கு அரசியல் சட்டத்தின் 22-ஆம் பிரிவே வழிவிடுகிறது. தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் 12 மாதம் வரை வைக்கலாம். காவல் உத்தரவு சரியா என்று பார்க்கும் ஆலோசனைக் குழு முன்னால் வக்கீல் வைத்துக்கொள்ள உரிமை கிடையாது. ஆனால் அரசுக்கு முறையீடு எழுதலாம். அதைக் கிடப்பில் போட்டதாலேயே பல உத்தரவுகள் உயர் நீதிமன்றத்தில் அடிபட்டுப் போயிருக்கின்றன. அதனால் முதல் வாரத்திலேயே எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.